மகன் அனுப்பிய குளிசை

போன கிழமை பேப்பரில் என் பத்தி ஏன் வரவில்லை என்று கேட்டு எத்தனை போன்! சில பேர் எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று முடிவே கட்டிவிட்டீர்கள். எனக்கு ஒன்றுமில்லை. மனைவிக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன்.

'சின்ன ஆபரேஷன்' என்றார்கள். அடுத்தவர் மனைவிக்கு என்றால் எல்லா ஆபரேஷனும் சின்னதுதானே?

மத்தியானத்துக்கு முன்னமே எல்லாம் முடிந்துவிட்டது. ஆனால் ஆளை வார்டுக்கு விடவில்லை. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் வெளியே வந்தார். இளம் பெண். முகத்தில் சிரிப்பில்லை.

"ஆபரேஷன் நல்லா முடிஞ்சுது ஐயா. ஆனா அவ தானா எடுக்கிற மூச்சு காணாது. இன்னும் மெஷின்லதான் வச்சிருக்கம். வேற ஏதும் மருந்து, குளிசை போடுறவவா?"

"இருதயத்துக்குக் கிளினிக்கில தாற குளிசை மட்டுந்தான்" என்றேன். மனைவியும் முன்பே அதைத்தான் சொல்லியிருந்தாளாம்.

டாக்டர் உள்ளே போய்விட்டார். நான் வாங்கிலில் உட்கார்ந்தேன். கலியாணமான நாளிலிருந்து 'கொஞ்சம் வாயை மூடு' என்று அவளிடம் கெஞ்சியவன் நான். அன்றைக்கு ஒரே ஒரு ஏச்சுக்கு ஏங்கிப்போனேன். 'ஏன் இப்பிடி முழிச்சிக்கிட்டு இருக்கீங்க, போய்ச் சாப்பிடுங்க' என்று ஒரு தரம் கத்தினால் போதும்...

கட்டாரிலிருந்து மகன் போன் எடுத்தான். விஷயத்தைச் சொன்னேன்.

"அப்பா... நான் அனுப்புற குளிசையச் சொன்னீங்களா?"

"அதைத்தான் கிளினிக்கில எப்பவோ மாத்திட்டாங்களே!"

"மாத்தினதா? அம்மா ஒண்டும் சொல்லல்லயே. முடியப் போகுது மனே, அனுப்பு எண்டுதான் ஒவ்வொரு தரமும் சொல்லுவா. போன மாசமும் ஊருக்கு வந்த ஓட்டமாவடி நானாட்டக் குடுத்துவிட்டன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மருந்துத் தட்டுப்பாட்டுக் காலத்தில் அவன் அங்கே தேடிப் பிடித்து அனுப்பத் தொடங்கிய இருதயக் குளிசை அது. பார்சல் வந்தால் பேரீச்சம்பழத்தை எனக்குத் தருவாள். மற்றதெல்லாம் நேரே அவளுடைய அலுமாரிக்குள் போய்விடும்.

ஓடிப்போய் டாக்டரிடம் குளிசையின் பெயரைச் சொன்னேன்.

"அதுதான் காரணமா இருக்கும்" என்றார்.

ஆபரேஷனின்போது தசைகளைத் தளர்த்த ஒரு மருந்து கொடுப்பார்களாம். மூச்சுக்கான தசைகள்கூட அசையாது, மெஷின்தான் மூச்சு விடும். இருதயக் குளிசைகளில் சில வகை, அந்த மருந்தின் வேலையைக் கூட்டி, நேரத்தையும் நீட்டிவிடுமாம். முன்பே தெரிந்திருந்தால் அளவு பார்த்துக் கொடுத்திருப்பார்கள். பிறகு கேட்டால், அவளோ அன்று காலையும் ஒன்றைப் போட்டிருக்கிறாள் — தைரியத்துக்காம்!

பின்னேரம் தானாக மூச்சு வந்தது. குழாயை எடுத்தார்கள். நான் அழுதேன். அதை எழுத எனக்கென்ன வெட்கம்?

"ஏன் புள்ள டாக்டர்ட்ட சொல்லல்ல?" என்று அவளிடம் கேட்டேன்.

குழாய் போட்ட தொண்டை கரகரத்தது அவளுக்கு. "அவங்க மருந்துதானே கேட்டாங்க... அது மகன்ட சாமான்."

வீட்டுக்கு வந்து பார்த்தால், கிளினிக் குளிசையெல்லாம் பிரிக்காமல் அலுமாரியில் கிடந்தது.

டாக்டர்மாரே, எங்கள் பக்கத்தில் 'என்ன மருந்து எடுக்கிறீங்க' என்று மட்டும் கேட்காதீர்கள். 'வெளிநாட்டிலிருந்து யார், என்ன அனுப்புறாங்க' என்றும் கேளுங்கள். வாசகர்களே, நீங்களும் தயவுசெய்து வாயைத் திறந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள்.

மகன் ஊருக்கு வந்து வருசக்கணக்காகிறது. அமிர்தகழிக் கோயில் திருவிழாவுக்கு வாறன் என்பான், லீவு கிடைக்காது. அவனே கடைக்குப் போய், அவன் கையால் வாங்கிய ஒன்றைத் தொட்டுத்தான் அவளுக்குக் காலை விடிந்திருக்கிறது. எனக்கும் அவனைக் காண வேண்டும் போலத்தான் இருக்கிறது. அவள் குளிசை போட்டாள், நான் பேரீச்சம்பழம் தின்றேன்.

நேற்று வீடியோவில் வந்தான். "இனிமே அந்தக் குளிசைய அனுப்பவே மாட்டன்மா."

அவள் போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

"போடமாட்டன் மனே... நீ அனுப்பு."