மீன் தின்னாத மாதத்தில் தீவுக்குப் போனோம்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகத் தீவுக்குப் போகத் திட்டம் போட்டவன் நான்தான். அந்தத் திட்டத்தைக் கெடுத்தவனும் நான்தான். இரண்டுக்கும் நடுவில் நான்கு நாள் இருந்தது. அந்த நான்கு நாளும் நான் வீட்டில் ராஜா மாதிரி நடந்தேன்.

கிள்ளானில், துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பும் ஓர் அலுவலகத்தில் எனக்கு வேலை. நாள் முழுக்கக் கப்பல்களின் பெயர்களைப் படிவங்களில் எழுதுகிறேன். ஒரு கப்பலிலும் ஏறியதில்லை. என் மனைவியின் கதை இன்னும் மோசம். ஒரு பள்ளிக்கூடக் கேண்டீனில் இருபது வருடமாக மீன் கழுவுகிறாள், மீன் வெட்டுகிறாள், மஞ்சள் தடவிப் பொரிக்கிறாள். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு கடலைப் பார்க்காமலே வாழ்கிற ஜோடிக்குப் பரிசு வைத்தால் அது எங்களுக்குத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுச் சமையலறையில் கெம்போங் மீன் ஒன்றின் வயிற்றைக் கீறிக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, இதெல்லாம் உயிரோட இருக்கறப்போ எப்படிங்க இருக்கும்?"

"மீன் மாதிரிதான் இருக்கும்."

"போங்க. எத்தனை ஆயிரம் மீன் என் கையில போயிருக்கும்! எல்லாத்தையும் செத்த பொறவுதான் பாத்திருக்கேன். ஒரு தடவையாச்சும் நீந்தறதப் பாக்கணும்."

"கோலாலம்பூர்ல பெரிய அக்வேரியம் இருக்குலா. சனிக்கிழமை போவோம்."

"கண்ணாடிப் பொட்டிக்குள்ள வேணாம். அதுங்க வீட்லயே போய்ப் பாக்கணும்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்டவற்றை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். மிக்சி கேட்டாள், குளியலறைக்குச் சுடுதண்ணீர்ப் பெட்டி கேட்டாள். மூன்றாவதாக இப்போது மீன் நீந்துவதைப் பார்க்கக் கேட்கிறாள். அன்று இரவே கைப்பேசியும் கையுமாக உட்கார்ந்துவிட்டேன்.

கிடைத்தது பாருங்கள் ஒரு சலுகை! கிழக்குக் கரையில் திரங்கானு பக்கம் ஒரு தீவு. பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் நீங்கள் எல்லாரும் கிளம்பிப் போவீர்கள், அடுத்த வருடம் விலையை ஏற்றிவிடுவார்கள். மூன்று நாள் தங்கல், போக வரப் படகு, மீன் பார்க்கக் கூட்டிப்போவது, இரண்டு மாலையும் சுட்ட மீனும் சோத்தோங் என்கிற கணவாயுமாகக் கடல் விருந்து. எல்லாம் சேர்த்துப் பாதி விலை. அந்தப் பக்கம் மழைக்காலத்துக்குத் தீவுகளை மூடிவிடுவார்கள். மூடுவதற்கு முந்தைய வாரங்களில் ஆள் குறையும், விலையும் இறங்கும். இந்த ரகசியத்தைக் கண்டுபிடித்த மலேசியாவின் ஒரே தமிழன் நான் என்ற நினைப்பில் பணத்தைக் கட்டினேன். கட்டிய பணம் திரும்பாது என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தது. அதற்கென்ன, நாம்தான் போகப்போகிறோமே!

நான்காம் நாள் அவள் மளிகைக் கடையில் கொடுத்த தமிழ்க் காலண்டரைச் சுவரிலிருந்து எடுத்துவந்து என் முன்னால் போட்டாள்.

"ஏங்க, நாம போற தேதி புரட்டாசிலா."

நம் வீடுகளில் புரட்டாசி என்றால் என்னவென்று நான் சொல்லவேண்டியதில்லை. மாதம் முழுக்கக் கறி கிடையாது, மீன் கிடையாது, முட்டை கூடக் கிடையாது. அவள் பதினேழு வயதிலிருந்து ஒரு வருடமும் தவறவிட்டதில்லை. அந்த மாதம் கேண்டீனில் பொரிக்கும் மீனை ருசி பார்க்கக்கூட வேறு ஆளைக் கூப்பிடுவாள். நான் அவளுடைய ஒரே ஆசையை அவளுடைய ஒரே விரதத்தோடு மோதவிட்டிருந்தேன்.

"படகுல ஏறிட்டா எந்த மாசம்னு யாரு பாக்கப் போறா?" என்று மெல்ல ஆரம்பித்தேன். அவள் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிவிட்டேன்.

அந்த வாரம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் மச்சானைச் சந்தித்தோம். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். பக்கத்திலேயே அடுக்குமாடிக் காண்டோவில் இருக்கிறார், வருடா வருடம் மாலத்தீவு போகிறார், போகாத மாதங்களில் போன படங்களைக் காட்டுகிறார். நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் ரசம் புரையேறும் அளவுக்குச் சிரித்தார்.

"மாப்ள, மீன் தின்னாத மாசத்துல மீன் விருந்துக்குப் பணம் கட்டின ஒரே ஆளு நீங்கதான். அங்க போய் ரெண்டு பேரும் ஊறுகாய நக்கிட்டு உக்காந்திருக்கப் போறீங்களா?"

"அத வுட்ரலாம்னுதாண்ணே நெனைக்கிறேன்," என்றாள் மனைவி, இலையைப் பார்த்துக்கொண்டே.

மச்சான் அதோடு நிறுத்தியிருந்தால் நாங்கள் போயிருக்கவே மாட்டோம். அவர் நிறுத்தவில்லை.

"வுட்ரு தங்கச்சி. தீவெல்லாம் அதுக்குன்னு இருக்கறவங்க போற எடம். நம்மாளுங்க போனா ரைஸ் குக்கரத் தூக்கிட்டுப் போய் ரூம்ல சோறு வடிப்பாங்க. அசிங்கம்லா. அதுவும் ஒனக்குத் தண்ணின்னாலே பயம். கணுக்கால் நனைஞ்சா ஓடி வந்துருவ."

மனைவி இலையை மூடினாள். எதிர்ப்பக்கமாக மூடவில்லை, நம் பக்கமாக, ஒழுங்காகத்தான் மூடினாள். ஆனால் மூடிய வேகத்தில் மோர் மிளகாய் ஒன்று தரையில் போய் விழுந்தது.

"தூக்கிட்டுத்தாண்ணே போறேன்," என்றாள். "பெரிய குக்கரு."

போனோம். விடியற்காலையில் கிள்ளானிலிருந்து என் பழைய காரில் கிளம்பி, கடற்கரைப் படகுத்துறையில் காரை விட்டு, படகில் ஏறினோம். மற்றவர்கள் கையில் முதுகுப்பை. எங்கள் கையில் அரிசி, பருப்பு, புளிக்காய்ச்சல் போத்தல், அப்பளம், ஒரு வாணலி, துண்டால் சுற்றிய ரைஸ் குக்கர். படகு அலையில் குதித்தபோதெல்லாம் மனைவி என்னைப் பிடிக்கவில்லை, குக்கரைத்தான் பிடித்தாள்.

தீவு, அடடா, அது தீவுதான். மணல் மாவு மாதிரி இருந்தது. தண்ணீர் ஒன்பது விதமான பச்சை. அறை கடலைப் பார்க்கவில்லை, ஒரு ஜெனரேட்டரைப் பார்த்தது. பாதி விலைக்குப் பாதிக் காட்சி. கதவின் உள்பக்கம் ஓர் அறிவிப்பு: டுரியான் பழத்தின் படத்துக்கு மேல் சிவப்புக் கோடு, அதற்குப் பக்கத்தில் ரைஸ் குக்கர் படத்துக்கு மேலும் சிவப்புக் கோடு. அதை வரைந்தவன் எங்களுக்கு முன் வந்துபோன நம்மாட்கள் பலரைப் பார்த்திருக்கிறான்.

"பாக்காத மாதிரி இருங்க," என்று சொல்லி, அவள் அரிசி கழுவினாள். நான் குக்கரைச் சொருகிப் பொத்தானை அழுத்தினேன். டப்பென்று ஒரு சத்தம். மின்விசிறி நின்றது. எங்களுடையது மட்டும் நின்றிருந்தால் பரவாயில்லை. வரிசை முழுக்க நின்றது. தலையெல்லாம் ஷாம்பு நுரையோடு ஒரு வெள்ளைக்காரர் துண்டைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். நான் அவரைவிட அதிகமாக ஆச்சரியப்பட்டு, ஜெனரேட்டரைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். நடிப்பில் எனக்கு ஒரு குறையும் இல்லை. குக்கரைச் சொருகிய பிளக்கிலிருந்து வந்த கருகல் வாடைதான் காட்டிக்கொடுத்தது.

வந்து நின்றது ஒரு மலாய்க்கார அம்மா. அந்த இடத்தில் சமையல், சாவி கொடுப்பது, திட்டுவது எல்லாம் அவர் ஒருவரே. கதவில் இருந்த படத்தைக் காட்டினார், குக்கரைக் காட்டினார், கடைசியாக என்னைக் காட்டினார். மூன்றுக்கும் சேர்த்து ஒரே சிவப்புக் கோடு.

"சாரி போஸ்," என்றேன். ஒரு பெண்மணியைப் போஸ் என்று கூப்பிட்டதே அவருக்கு இன்னும் கோபம் போலிருக்கிறது.

மனைவி முன்னால் வந்தாள். கேண்டீன் மலாயில் பேசினாள், மெதுவாகவும் தலையைக் குனியாமலும். நாங்கள் இந்த மாதம் புவாசா, அதாவது விரதம், மீனும் கறியும் சாப்பிடமாட்டோம், இரண்டு விருந்துக்கும் பணம் கட்டியாயிற்று, அதைத் திருப்பிக் கேட்கவில்லை, சோறு பொங்க ஓர் இடம் மட்டும் வேண்டும் என்றாள்.

அந்த அம்மா புருவத்தைத் தூக்கினார். "புவாசாவா? மணி ஒண்ணு ஆவுது, சோறு பொங்கறீங்க?"

"எங்க புவாசா வேற மாதிரி, காக்கா. உங்களுக்கு நேரம் பாக்கணும். எங்களுக்கு மீனப் பாத்தும் திங்கக்கூடாது."

அந்த அம்மா கொஞ்சம் யோசித்தார். "மீன் திங்காத மாசத்துல எதுக்குத் தீவுக்கு வந்தீங்க?"

"மீனப் பாக்க."

காக்கா என்றால் அக்கா. அந்த அக்கா சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. குக்கரைத் தானே தூக்கிக்கொண்டு தன் சமையற்கட்டுக்கு நடந்தார். அங்கே மனைவி ஒரு ஓரத்தைக் கழுவி, எங்கள் வாணலியை வைத்து, மீன் பட்ட கரண்டி எதுவும் இந்தப் பக்கம் வரக்கூடாது என்று அவருடைய சமையற்கட்டிலேயே அவருக்குச் சட்டம் போட்டாள். அவரும் ஒரு சட்டம் போட்டார்: இந்த ஆள் உள்ளே வரக்கூடாது. இந்த ஆள் என்றால் நான்.

அன்று மாலை கடற்கரையில் விருந்து. கரி அடுப்பில் மீன் வெடித்தது. சோத்தோங்கின் வாசனை என் மூக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது. நான் கட்டிய பணத்தை ஷாம்புக்காரர் தின்றுகொண்டிருந்தார். நாங்கள் புளிச்சோறும் அப்பளமும் சாப்பிட்டோம். நான் எழுந்து கை கழுவப் போகிற சாக்கில் அடுப்புப் பக்கம் நடந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த அக்கா இடுக்கியை நீட்டி, "புவாசா!" என்றார். இப்போது என்னைக் கண்காணிக்க இரண்டு பேர்.

மறுநாள் காலை மீன் பார்க்கும் படகு. மற்றவர்கள் நீச்சல் உடையில் வந்தார்கள். என் மனைவி சிலுவார்க் கால்சட்டை, முழுக்கை டீசட்டை, இழுத்துக் கட்டிய கொண்டை, அதற்கு மேல் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை. கேண்டீனில் எண்ணெய்ச் சட்டி தேய்க்கிற நாளில் இப்படித்தான் போவாள். யாரோ இரண்டு பேர் பார்த்தார்கள். அவளும் திருப்பிப் பார்த்தாள். அவர்கள் பார்ப்பதை நிறுத்தினார்கள்.

படகு நின்றது. முகத்தில் மாட்டும் கண்ணாடியைப் படகோட்டி கொடுத்தபோதுதான் எனக்கு உறைத்தது. அவள் மூக்குக்கண்ணாடி போட்டவள். அதற்கு மேல் இது உட்காராது. அதைக் கழற்றினால் ஒரு முழத்துக்கு அப்பால் அவளுக்கு எல்லாம் கலங்கல். புரட்டாசியைப் பார்க்காமல் பணம் கட்டினேன், சரி. முப்பது வருடமாகப் பக்கத்தில் படுக்கிறவளின் மூக்கில் இருப்பதையுமா பார்க்காமல் விடுவேன்? மச்சான் சிரிப்பது பிரிக்பீல்ட்ஸிலிருந்தே கேட்டது.

"வேணாம்மா, ஒண்ணும் தெரியாது. சும்மா தண்ணி குடிச்சிட்டு வருவ," என்றேன்.

"புடிங்க," என்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்தாள்.

ஏணியில் இறங்கினாள். கணுக்கால் நனைந்தது, முழங்கால் நனைந்தது. இடுப்பளவு வந்ததும் நின்றாள். கண்ணுக்கு எதுவும் சரியாகத் தெரியாது, காலுக்குக் கீழே தரை கிடையாது. நான் வீரம் காட்டி இறங்கிக் கூட்டிப்போயிருப்பேன், எனக்கும் நீச்சல் தெரிந்திருந்தால். படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நான் இருக்கேன்லா!" என்று மட்டும் கத்தினேன்.

அவள் ஏணியை விட்டாள். படகோட்டி வீசிய கயிற்றைப் பிடித்தாள். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தாள், உடனே தூக்கினாள், இருமினாள். மறுபடி வைத்தாள். இந்தத் தடவை தூக்கவில்லை. ஆரஞ்சுச் சட்டை மட்டும் மிதந்தது. நான் எண்ண ஆரம்பித்து, பயத்தில் எண்ணிக்கையை மறந்து, மறுபடி முதலிலிருந்து எண்ணினேன்.

அவள் தலையைத் தூக்கியபோது முகமெல்லாம் உப்புத்தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு.

"ஏங்க! வந்துருச்சிங்க!"

"தெரியுதா?"

"தூரத்துல இருக்கறது தெரியல. கிட்ட வருதுங்க! மூக்குக்கிட்ட வந்து நிக்குது! மஞ்சக் கோடு போட்டது ஒண்ணு, என்னயவே பாக்குது! கண்ண உருட்டுதுங்க!" மறுபடி முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள். படகோட்டி மணி பார்த்தார், கூப்பிட்டார். எல்லாரும் ஏறினார்கள். அவள் ஏறவில்லை. மூன்றாம் தடவை கூப்பிட்டபோது தண்ணீருக்குள்ளிருந்தே ஒரு கையைத் தூக்கி, கேண்டீனில் வரிசை மீறும் பிள்ளைகளுக்குக் காட்டுவது போல "இரு" என்று காட்டினாள். அவர் இருந்தார்.

திரும்பி வந்ததும் அதே பிரிக்பீல்ட்ஸ், அதே கடை. புரட்டாசி இன்னும் முடியவில்லை, அதனால் அதே சைவச் சாப்பாடு. மச்சான் படம் கேட்டார். என் கைப்பேசியில் இருந்த ஒரே படத்தில் ஓர் ஆரஞ்சுச் சட்டையும் அதன் பின்புறமும்தான் தெரிந்தன.

"இது யாருன்னு எப்படி நம்பறது?" என்றார். "மாலத்தீவுல ரூம்லயே கண்ணாடித் தரை, தெரியுமா? ஏர்கோன்ல படுத்துக்கிட்டே மீனப் பாக்கலாம்."

"அதுங்க உங்களப் பாத்துச்சாண்ணே?" என்று கேட்டாள் என் மனைவி.

மச்சான் இன்னோர் அப்பளம் கேட்டார்.

"என்னயப் பாத்துச்சு," என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, அவருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "ஏங்க, அடுத்த வருசமும் புரட்டாசியிலயே போடுங்க. மத்த மாசத்துல போனா அதுங்க மூஞ்சில எப்படி முழிக்கறது? கதவுல இருக்கற படத்த மட்டும் அழிக்கச் சொல்லுங்க."

ஐப்பசி பிறந்த முதல் காலை, கேண்டீனில் அவள் வழக்கம் போல மீன் பொரித்தாள். மஞ்சள் கோடு போட்டது எதுவும் அதில் இல்லை, பார்த்துவிட்டுத்தான் வெட்டினாளாம்.