ஒதுக்கியது போதும்

அந்த முறை அது பழங்குடியினப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சி. ஜவ்வாது மலைக்கு மேலே, எங்கள் போளூரிலிருந்து பஸ் ஏறினால் வளைவுக்கு வளைவு குடலைப் புரட்டும் தூரத்தில் இருக்கிறது. ஊர்ப் பெயர் வேண்டாம். எனக்குக் கடைத்தெருவில் ஒரு டிசைன் கடை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பேனர், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அடித்துத் தருவோம். தேர்தல் வந்தால் மட்டும் நான் விளம்பர ஆலோசகர் ஆகிவிடுவேன். சென்னையில் ஒரு விளம்பரக் கம்பெனியில் ஆறு வருஷம் குப்பை கொட்டியவன் என்ற கொழுப்பு எனக்கு எப்போதும் உண்டு.

சின்னம் கொடுத்த அன்று சாயங்காலம், தலைவர் பதவிக்கு நின்ற பெண் ஒருவர் கடைக்கு வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். சாமையும் புளியும் விளைகிற கொஞ்சம் நிலம், புருஷன், ஒரு மகள். மகளிர் குழுவை நடத்துகிறவர். கிராம சபைத் தீர்மானத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஆம்பளைகள் கூட்டத்தில் எழுந்து நின்றவர் என்று கூட வந்த பெண் சொன்னாள். சின்னம் பூட்டு சாவி. ஓட்டுக்குப் பதினோரு நாள் இருந்தது.

“நோட்டீசு, ரெண்டு ஆட்டோ, மைக்கு, போன்ல அனுப்புற வீடியோ. அவ்ளோ தாங்க,” என்றார். கூட வந்தவளை டீ வாங்க அனுப்பிவிட்டு, ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தணித்தார். “இன்னொன்னு கீது. அது வெளிய வரக் கூடாதுங்க.”

அவருடைய தங்கை அடிவாரத்து ஊர்க்காரர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டிருந்தாள். வேறு சாதி. ஊர் கூடி, அந்தக் குடும்பத்தோடு யாரும் பேசக்கூடாது, கொள்வினை கொடுப்பினை கூடாது, பேசினால் தண்டம் என்று முடிவு சொல்லிவிட்டது. தங்கையும் புருஷனும் ஊர் எல்லை தாண்டி, காட்டோரமாக ஒரு வீடு போட்டு இருந்தார்கள். பெற்ற தாய் நாலு வருஷமாக மகள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

“நான் ஜெயிச்சா மொத வேல அதாங்க. ஊர்ப் பெரியவருகிட்ட பேசிகினு தான் கீறேன். தேர்தல் முடியட்டும், பாத்துக்கலாம்னு சொல்லிக்கீறாரு. அவரு எறங்கி வர்ற நேரம். கெடுத்துக்கக் கூடாது.”

நான் தலையை ஆட்டினேன். பெரிய மனுஷன் மாதிரி ஆட்டினேன்.

மறுநாள் வேலையில் இறங்கினோம். ‘அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே’ என்று ஆரம்பிக்கிற எதையும் நான் எழுத மாட்டேன் என்பது எனக்கு ஒரு கௌரவம். மலைக்கு நாளுக்கு இரண்டு பஸ். டாக்டர் வருகிற நாளில் மருந்து இருக்காது, மருந்து வருகிற நாளில் டாக்டர் இருக்க மாட்டார். போன் பேசப் பாறை மேல் ஏறவேண்டும். மொத்த மலையையும் அரசாங்கம் ஒதுக்கி வைத்திருக்கிறது. அந்த நினைப்பில் பேனாவை எடுத்தேன், வந்து விழுந்தது: ‘ஒதுக்கியது போதும்! பூட்டைத் திறப்போம்!’

மேஜையைத் தட்டினேன். கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த டிசைனர் பெண் “சூப்பர் சார்” என்றாள். என் குரலிலேயே ரெக்கார்டு செய்து, பின்னால் பம்பை அடியைச் சேர்த்தேன். ஒரே நாளில் நோட்டீஸ் வந்துவிட்டது, ஆட்டோ இரண்டுக்கும் இரண்டு பக்கமும் பேனர் கட்டியாகிவிட்டது. என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக, அவ்வளவு சந்தோஷமாக நான் வேலை பார்த்ததில்லை.

அடுத்த நாள் காலையில் அவருக்கு மாதிரியை அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் போன். மூச்சு வாங்கியது, பாறை ஏறித்தான் கூப்பிட்டிருக்க வேண்டும்.

“சார், அந்த ஒதுக்குறதுன்ற வார்த்த வேணாங்க.”

“ஏம்மா? கவர்மெண்டு உங்கள ஒதுக்கித்தானே வெச்சிருக்கு?”

“கவர்மெண்டு இல்லீங்க. எங்க ஊர்ல ஒதுக்குறதுன்னா அது ஒன்னு தான். தங்கச்சி வூட்ட பண்ணாங்களே, அது. அத மைக்குல கத்துனா நான் ஊர எதுத்து நிக்கிறேன்னு ஆய்டும். பெரியவரு மூஞ்சில அடிச்ச மாதிரி ஆய்டும்.”

எனக்குப் புரியவில்லை என்று சொன்னால் இந்த இடத்தில் தப்பித்துக்கொள்ளலாம். நன்றாகவே புரிந்தது. ஆனால் அந்த வரி என் வரி. அதை விட மனசில்லை. மாற்றினால் ஒரு நாள் போய்விடும் என்று எனக்கு நானே ஒரு சாக்கும் சொல்லிக்கொண்டேன். சச்சரவு வந்தால்தான் பேர் பரவும் என்று கம்பெனியில் கற்றுக்கொண்ட பாடம் வேறு.

“வண்டி கெளம்பிடுச்சும்மா. இந்நேரம் மலை ஏறியிருக்கும்,” என்றேன்.

இரண்டு ஆட்டோவும் என் கடை வாசலில்தான் நின்றிருந்தன. டிரைவர்கள் எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். போனைக் காதில் வைத்தபடியே கண்ணாடிக் கதவு வழியாகக் கையைக் காட்டினேன், எடு எடு என்று.

“அப்படீங்களா,” என்றார் அவர். “செரிங்க. இன்னா பண்றது.”

முதல் இரண்டு நாள் வீடியோ பறந்தது. போளூரில் நாலு பேர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். மூன்றாம் நாள் ஆட்டோ டிரைவர் போன் செய்தார். “சார், வண்டி சத்தம் கேட்டாலே ஜனம் வூட்டுக்குள்ள போய்ட்டு கதவ சாத்திக்குது. நோட்டீச கையில வாங்க மாட்றாங்க. இன்னாத்த எழுதி வெச்சீங்க?”

எதிர்த்து நின்றது ஊர்ப் பெரியவருடைய தம்பியின் மருமகள். அவளுடைய நோட்டீஸில் அவளைவிடப் புருஷன் முகம்தான் பெரிதாக இருந்தது. அவர்கள் விளம்பரத்துக்கு மெனக்கெடவே இல்லை. வீடு வீடாகப் போய், “ஒதுக்குனவங்கள எல்லாம் உள்ள கூட்டியாரப் போறாங்களாம். உங்க வூட்டுப் பொண்ணுங்கள பாத்துக்கங்க,” என்றார்கள். என் ஆட்டோ பின்னாலேயே போய் அதற்குச் சாட்சி சொன்னது. ஐந்தாம் நாள் வாசகத்தை மாற்றினேன். ‘சாவி நம் கையில்.’ பயந்து மாற்றிக்கொண்டார்கள் என்று அதற்கும் ஒரு பேச்சு வந்ததுதான் மிச்சம்.

ஓட்டு எண்ணிக்கை அன்று மற்ற குக்கிராமத்துப் பெட்டிகளில் அவருக்குப் பரவாயில்லாமல் விழுந்திருந்தது. சொந்த ஊர்ப் பெட்டியைத் திறந்தபோதுதான் கதை முடிந்தது. அவர் யாரையும் பார்க்காமல், ஏஜெண்டாக உட்கார்ந்திருந்த புருஷனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். நான் ஜன்னலோரம் நின்று பார்த்தேன். கிட்டப் போகவில்லை.

அடுத்த வாரம் ஜெயித்தவளின் புருஷன் என் கடைக்கே வந்தார், நன்றி போஸ்டர் அடிக்க. “உங்க வார்த்த தான் சார் எங்கள ஜெயிக்க வெச்சிது,” என்று சிரித்தார். மனசாரச் சொன்னார், கிண்டல் இல்லை. அடித்துக் கொடுத்தேன். நல்ல டிசைன்.

புளி உலுக்குகிற பருவத்தில்தான் மலைக்குப் போகத் தைரியம் வந்தது. ஊருக்குள் அவர் வீட்டைக் கேட்டேன். மூன்று பேர் பதில் சொல்லாமல் போனார்கள். நாலாவது ஆள் காட்டுப் பக்கம் கையைக் காட்டிவிட்டு, அதற்கே யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

தங்கை வீட்டுக்குப் பக்கத்திலேயே அவரும் புருஷனும் தகரக் கூரை போட்டிருந்தார்கள். அக்காவும் தங்கையும் வாசலில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார்கள். மரம் உலுக்கக் கூலிக்குக்கூட ஆள் வருவதில்லையாம், புருஷனே ஏறுகிறாராம். புளி காய்ந்துகொண்டிருந்தது என் ஆட்டோ பேனர் மேல். குப்புறப் போட்டிருந்தார்கள்.

“இப்ப ரெண்டு பேரும் ஒரே ஊர் தாங்க,” என்று தங்கையைக் காட்டிச் சிரித்தார்.

“அம்மா?”

“அம்மா அந்தப் பக்கம்.” புளியிலிருந்து கையை எடுக்காமல், முகவாயால் ஊரைக் காட்டினார். “மின்ன ஒரு பொண்ண பாக்காம இருந்துச்சி. இப்ப ரெண்டையும்.”

தங்கை உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்தாள். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்திருந்தேன். வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

“உங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்லீங்க சார். எங்க வூட்ல ஆளாளுக்கு உங்கள பேசறாங்க. நான் தான் சொல்வேன், அவரு இன்னா பண்ணுவாரு, நான் போன் பண்ணப்போ வண்டி கெளம்பிடுச்சேன்னு.”

டீ சூடாக இருந்தது. ஒரு வாய் குடித்தேன்.

“ஆமாம்மா,” என்றேன். “கெளம்பிடுச்சு.”