பாத்து, கன்னியம்மா!

போன வியாழக்கிழமை, என் வாயால் ஒரு பெண்ணின் பிழைப்பு போகப் பார்த்தது.

போய்விட்டதா, தப்பித்ததா? இதை எழுதும் நிமிடம் வரை தெரியாது. இந்தப் பத்தி அச்சாகி உங்கள் கைக்கு வருகிற அன்றுதான் தெரியும். அதனால் இந்த வாரம் கொஞ்சம் படபடப்பாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பதற்றம் உங்களுக்குப் புதிதல்ல. கேஸை அணைத்தேனா என்று பார்க்க, பொன்னேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ பிடித்து வீட்டுக்குத் திரும்பியவள் நான். அதை இங்கே எழுதியபோது, 'எங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார்' என்று எத்தனை கடிதங்கள்! 'ஏதாவது ஆயிடுச்சுன்னா?' — எங்கள் வீட்டில் காபிக்கு அடுத்தபடியாக அதிகம் புழங்குவது இதுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். வாரம் இரண்டு நாள் பழவேற்காட்டிலிருந்து எனக்கு இறால் கொண்டு வருபவள் தனம். வலை போட்டுப் பிடித்ததல்ல, ஏரியில் இறங்கிச் சேற்றைக் கையால் தடவிப் பிடித்த இறால். போன மாதம் ஒருநாள் கூடையை இறக்கி வைத்தவள், இறாலை எடுக்காமல் ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள்.

"யக்கா, இத்தக் கொஞ்சம் படிச்சு சொல்லு. எங்க நாத்தனாக்கு மட்டும் கார்டு இல்லன்னுட்டாங்க. இன்னா போட்டுக்குது பாரு."

நாத்தனார் பெயர் கன்னியம்மா. நாற்பது வயது இருக்கும். சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலில் இரண்டு கண்ணும் போய்விட்டன. ஆனாலும் பன்னிரண்டு வயதிலிருந்து ஏரியில் இறங்கி இறால் பிடிக்கிறாள். கையால் பிடிக்கும் பெண்களுக்கு இப்போது அவர்கள் சங்கத்தில் புது அட்டை கொடுக்கிறார்கள். அட்டை இல்லாதவர்கள் இனிமேல் அந்தப் பகுதியில் இறங்க முடியாது. கூட இறங்கும் ஆறு பேருக்கும் வந்துவிட்டது. கன்னியம்மாவுக்கு மட்டும் கடிதம்: 'மாற்றுத்திறனாளி என்பதால், அவரது பாதுகாப்பைக் கருதி, பரிசீலிக்க இயலவில்லை.'

மாற்றுத்திறனாளி... எவ்வளவு மரியாதையான சொல்! மறுப்பதையும் எவ்வளவு மரியாதையாக மறுக்கிறார்கள்!

அட்டைக்குப் பொறுப்பான மீன்வளத் துறை அதிகாரியைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனிதர். பிரச்னையே அதுதான். டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"ஏதாவது ஆயிடுச்சுன்னா மேடம்? யார் பதில் சொல்றது? உதவித்தொகை வருதில்ல... அவங்க வீட்லயே பத்திரமா இருக்கட்டுமே."

என் வீட்டு வாக்கியம் அவர் வாயில்! தூக்கிவாரிப் போட்டது. உடலைக் காரணம் காட்டி ஒருவருக்கு வேலையை மறுக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறதே சார் என்றேன்.

"சட்டம் கரையில நிக்கும் மேடம். தண்ணியில நிக்குமா?"

நானும் விடவில்லை. கடைசியில், வியாழக்கிழமை நேரில் வந்து பார்த்து முடிவு செய்வதாக ஒப்புக்கொண்டார். நான் ஏதோ சாதித்துவிட்ட மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

வியாழன் காலை. ஏரிக்கரையில் அவருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. பக்கத்தில் நான், கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. பெண்கள் ஏழு பேரும் மணல் திட்டு வழியாகச் சுற்றிப் போய் அந்தப் பக்கத்து மேட்டில் இறங்கியிருந்தார்கள். ஏன் சுற்றிப் போக வேண்டும்? கரைக்கும் அந்த மேட்டுக்கும் நடுவில் படகு போவதற்காகத் தோண்டிய பள்ளம் இருக்கிறது. ஆளை மூழ்கடிக்கும் ஆழம்.

இடுப்பளவு தண்ணீரில் ஏழு பேரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்கள். கழுத்துக்கு மேல்தான் வெளியே தெரிந்தது. ஒவ்வொருத்தி பல்லிலும் ஒரு பறி — பனையோலையில் முடைந்த பை. இரண்டு கையும் சேற்றைத் தடவ வேண்டும், பிடித்ததை உடனே பையில் போட வேண்டும். அதனால் பறியை வாயில்தான் கவ்விக்கொள்ள வேண்டும். பேச்சே கிடையாது! முன்னால் போகும் தனம் உள்ளங்கையால் தண்ணீரை இரண்டு தட்டுத் தட்டினால், வரிசை அந்தப் பக்கம் திரும்புகிறது. அவ்வளவுதான்.

அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"இதுல அந்தம்மா யாரு மேடம்?"

எனக்கும் தெரியவில்லை! ஏழு தலை, ஏழு பறி, ஒரே வேகம். அவர் பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போடத்தான் திறந்தார் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

அப்போது எங்கேயோ ஒரு மோட்டார் படகின் சத்தம். தூரத்தில்தான். ஆனால் கடைசித் தலை மட்டும் மற்றவர்களைவிட்டு நாலடி தள்ளி இருந்த மாதிரி எனக்குத் தோன்றியது. அவளாகத்தான் இருக்கும்! ஏதாவது ஆயிடுச்சுன்னா? யோசிப்பதற்குள் என் வாய் திறந்துவிட்டது.

"கன்னியம்மா! பாத்து! பாத்து!"

கண் தெரியாதவளிடம் 'பாத்து' என்று கத்தியிருக்கிறேன். அதைக்கூட மன்னித்துவிடலாம். அந்தத் தண்ணீரில் குரல் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. வேலையில் இருக்கும்போது யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. கரையிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒரே அர்த்தம்தான்... வீட்டில் ஏதோ ஆகிவிட்டது, உடனே வா. கன்னியம்மாவின் மகளுக்கு அப்போது நிறைமாதம்.

அவள் எழுந்தாள். பறி வாயிலிருந்து நழுவியது. சுற்று வழியெல்லாம் மறந்து, என் குரலை நோக்கி நேராக வந்தாள். ஐந்தாவது எட்டில் பள்ளம். தலை உள்ளே போய்விட்டது.

தனம் பாய்ந்தாள். ஆனால் அவள் போய்ச் சேர்வதற்குள் கன்னியம்மா தானே மேலே வந்து, கை வீசி நீந்திக் கரையேறிவிட்டாள். மூச்சிரைக்க அவள் கேட்ட முதல் கேள்வி:

"கூப்ட்டது யாரு? பொண்ணுக்கு வலி எட்த்துச்சா?"

"இல்லம்மா... நான்தான்... பாத்துன்னு சொன்னேன்..."

அவள் முகத்திலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"கலங்கன தண்ணியில எவளுக்குக்கா கண்ணு தெரியுது?"

அதிகாரி பேனாவை மூடினார். "இதுக்குத்தான் மேடம் சொன்னேன்" என்றார், வருத்தமாகவே. தவறு என்னுடையது, அதை எழுதுங்கள் என்று கெஞ்சினேன். யார் தவறாக இருந்தாலும் பள்ளத்தில் விழுந்தது அவங்கதானே என்றார்.

அதற்குள் தனமும் கரைக்கு வந்துவிட்டாள். "ரெண்டு மாசம் முந்தி நானும்தான் சார் அதே பள்ளத்துல உய்ந்தேன். ரெண்டு கண்ணும் நல்லாத்தான் கீது. அத்த யாரும் எய்தல. எனக்கு கார்டு குட்த்துட்டீங்களே?"

அவர் பேனாவைச் சட்டைப்பையில் செருகினார். தனம் விழுந்தால் அது கால் வழுக்கியது. கன்னியம்மா விழுந்தால் அது சாட்சி. இந்தக் கணக்கை நாம் எங்கே கற்றுக்கொண்டோம்?

எனக்குத் தெரியும், வீட்டில்தான். என் பெரியம்மா மகன் ஒருவன், போலியோவில் ஒரு கால் சூம்பியவன். கல்யாணம், காட்சி எதற்கும் அவனைக் கூட்டிப் போக மாட்டோம். 'கூட்டத்துல யாராவது இடிச்சுட்டா?' டி.வி.யைப் போட்டுவிட்டுப் பூட்டிக்கொண்டு போவோம். அன்பாகத்தான். என் கல்யாணத்துக்கும் அவன் வரவில்லை. சமீபத்தில் ஒருமுறை அதைப் பற்றிக் கேட்டபோது சொன்னான்: "இடிச்சா விழுந்திருப்பேன். எழுந்திருக்கவும் தெரியும்தானே எனக்கு?" அன்று அதைச் சிரித்துக் கடந்துவிட்டேன். ஏரிக்கரையில் நின்றபோதுதான் அது உறைத்தது. வெட்கமாக இருந்தது.

படியில்லாத கட்டடம், சாய்தள மேடை, பிரெயில் பலகை எல்லாம் வேண்டும், நிச்சயம் வேண்டும். அதையெல்லாம் கேட்டு நானே இங்கே எழுதியிருக்கிறேன். என் பயத்தை மட்டும் தடைகளின் கணக்கில் நான் சேர்த்ததே இல்லை.

ஜீப்பில் ஏறப்போனவரைக் கன்னியம்மா நிறுத்தினாள்.

"சார், ஏயு பேருல என்னிய மட்டும் எதுக்குப் பரிச்ச வச்சீங்க? வர்ற வியாய்க்கெயம வாங்க. நாங்க ஏயு பேரும் எறங்கறோம். அதுல நான் யாருன்னு நீங்க கை காட்டுங்க. சரியா காட்டிட்டீங்கன்னா கார்டே வாணாம். காட்ட முடிலன்னா, கையெய்த்து போடுங்க."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு, "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

பார்க்கலாம் என்றால் வருவாரா, மாட்டாரா? இரண்டு தடவை போனில் கேட்டேன். இரண்டு தடவையும் அதே 'பார்க்கலாம்'. நீங்கள் இதைப் படிக்கும் இந்த வியாழக்கிழமை காலை, ஏழு பெண்கள் தண்ணீரில் இருப்பார்கள். அந்த நாற்காலியில் ஆள் இருப்பாரா? இருந்தால், அவர் விரல் யாரை நோக்கி நீளும்? தூக்கம் போய் ஐந்து நாள் ஆகிறது.

அன்று நான் கிளம்பும்போது, கரையில் வர வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று தயங்கி நின்றேன். என் செருப்புச் சத்தத்தை வைத்து என் பக்கம் திரும்பிய கன்னியம்மா, புதுப் பறி ஒன்றை என் கையில் திணித்தாள்.

"நீயும் வாக்கா. ஆனா வந்தா இத்தக் கட்ச்சிக்கினு நில்லு."

வீட்டில் பழகிக்கொண்டிருக்கிறேன்... இதை எழுதும்போதும் பறி பல்லில்தான் இருக்கிறது.