தூரத்துச் சோளக்காடு

மீனாட்சிபுரம் டீக்கடை வாசலில் நின்று என் புதுக் கேமராவைத் துடைக்கிறேன். கேமரா கடையில் இருந்ததிலேயே விலை குறைந்தது இதுதான். ஆனால் ஜூமில் எதற்கும் சளைத்ததல்ல. பக்கத்தில் டீ குடிக்கும் விவசாயி சிரிக்கிறார்.

“ஏனுங்க, போன்லயே போட்டோ வருதுங்களே. இது எதுக்குங்க தண்டத்துக்கு?”

வெகு தூரத்தில் தெரியும் சோளக்காட்டைக் கிட்டே இழுத்து ஒரு படம் எடுத்து, திரையை அவரிடம் நீட்டுகிறேன். பயிருக்கு நடுவே ஒற்றைக்கொம்பு மாடு ஒன்று நிதானமாக மேய்கிறது.

அவர் சிரிப்பு நிற்கிறது. “அய்யோ, நம்ம மாடுங்க! அது பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி காடுங்க!”

டீயை வைத்துவிட்டு ஓடுகிறார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிக் கத்துகிறார்: “அந்தப் போட்டோவ அழிச்சுப்போடுங்க!”

அழிக்கும் பொத்தானில் விரலை வைக்கிறேன். மனம் வரமாட்டேன் என்கிறது. அந்த ஒற்றைக் கொம்பின் முனைகூட அவ்வளவு துல்லியமாக விழுந்திருக்கிறது.