பட்டறை வாசல் மரம்

நகராட்சி மரப்பிரிவில் அவனை 'டொக்கு' என்றுதான் கூப்பிடுவார்கள். வேலை அப்படி. மரச்சுத்தியலால் மரத்தைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்பான். கணீரென்றால் உள்ளே உறுதி. டொக்கென்றால் உள்ளே சொத்தை. சொத்தைக் கிளையை மட்டும் வெட்டச் சொல்வான், அதுவும் அடியில் புடைத்திருக்கும் வளையத்தைத் தொடாமல். அதில் கத்தி பட்டால் காயம் மூடாது என்று அதிகாரியிடமே மல்லுக்கு நிற்பான். ஒரு மரம் போனால் மூன்று கன்று வைக்காமல் அந்தத் தெருவை விட்டு நகர மாட்டான். நல்லவன்தான். ஆனால் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஒருவன்மேல் கறுவ ஆரம்பித்தால் சோறு தண்ணீர் இறங்காது.

லாரிப் பட்டறைக்காரனோடு அப்படித்தான் முட்டிக்கொண்டது. பட்டறை வாசலில் ஒரு தூங்குமூஞ்சி மரம். லாரி திரும்ப இடைஞ்சல் என்று பட்டறைக்காரன் மரத்தில் துளைபோட்டு ஆசிட் ஊற்றிக்கொண்டிருந்தபோது, டொக்கு கையும் களவுமாகப் பிடித்துவிட்டான்.

"மரத்துக்கு விஷம் வைக்கிறியே, நீ சோறுதான் திங்கிறியா?"

"ஏன், உங்க அப்பன் வச்ச மரமாடா?"

டொக்குதான் முதலில் சட்டையைப் பிடித்தான். அதைப் பிற்பாடு அவன் யாரிடமும் சொல்லவில்லை. பட்டறைக்காரன் கைக்கு அகப்பட்ட இரும்புக் குழாயால் விளாசினான். இரண்டு பல் தெறித்தது. மூன்றாவது அடி வலது காதில். ரத்தம் கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்கியது. அந்தக் காது அன்றோடு செத்தது.

வழக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு கிடந்தது. மூன்று மாதம் வீட்டில் கிடந்த டொக்கு, கண்ணை மூடினாலே மனசுக்குள் பட்டறைக்காரனின் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தான். தங்கை புருஷன்தான் அவனோடு மரம் ஏறி வெட்டுகிற ஆள். அவனிடம் ஓயாமல் ஒரே பாட்டு: "அந்த மரம் நிக்கணும் மாப்ள. தினம் காலைல அதைப் பாத்து அவன் வயிறு எரியணும்."

வேலைக்குத் திரும்பியதும் முதலில் அங்கேதான் போனார்கள். டொக்கு ஏணி வைத்து ஏறி, முதல் கவட்டில் தட்டி, இடது காதை ஒட்டிவைத்துக் கேட்டான். டொக். நகர்ந்து தட்டினான். அங்கேயும் டொக். ஆசிட் தன் வேலையைச் செய்து முடித்திருந்தது. கீழே பட்டறை வாசலில் பட்டறைக்காரன் இடுப்பில் கைவைத்து நின்றான்.

"என்னப்பா, செத்துப்போச்சா?" என்று இளித்தான்.

அந்த இளிப்புதான் கெடுத்தது. "கல்லு மாதிரி இருக்கு," என்று இறங்கினான் டொக்கு. "காய்ஞ்ச குச்சிய மட்டும் கழிங்க மாப்ள."

"இன்னொரு தடவ தட்டிப் பாத்துடுங்களேன் மச்சான். ஒரு காதுதானே..."

"என் காதப் பத்தி எனக்குத் தெரியும். ஏறுங்க."

மாப்பிள்ளை கயிற்றை அந்தக் கிளையிலேயே கட்டிக்கொண்டு பத்தடி போயிருப்பான். முறியும் சத்தம் தெருக்கோடிவரை கேட்டது. கிளையோடு சேர்ந்தே ஆளும் விழுந்தான். கிளை அவன் தொடைமேல் கிடந்தது. எலும்பு கால்சட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே நின்றது. அவன் போட்ட கூச்சலில் டொக்குக்குப் புத்தி பேதலித்துவிட்டது. கீழே கிடந்த வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு பட்டறைக்காரனை நோக்கிப் பாய்ந்தான். பட்டறைக்காரனோ அதற்குள் ஓடிவந்து கிளைக்கடியில் தோளைக் கொடுத்திருந்தான்.

"வெட்டுறதுன்னா அப்புறம் வெட்டுடா! இப்பத் தூக்கு!"

டொக்கு கத்தியை எறிந்துவிட்டுத் தூக்கினான்.

ஆஸ்பத்திரியில் மாப்பிள்ளையின் காலை எடுத்தாக வேண்டும் என்றார்கள். வராந்தாவில் நகராட்சி அதிகாரி டொக்கின் தோளில் கைபோட்டார். "அடிபட்ட காதுல கேக்கலன்னு எழுதிடறேன். உன் வேலைக்கு ஒண்ணும் வராது. பழி பூரா பட்டறைக்காரன் தலையில விழும்." வேறென்ன வேண்டும்? அவன் ஆசைப்பட்டது அத்தனையும் அந்த ஒரு வரியில் இருந்தது.

தங்கை அழுது வீங்கிய முகத்தோடு வந்தாள். "அந்தப் பாவி அடிச்சதுல உனக்குக் கேக்காமப் போச்சு. அதானேண்ணே?"

தலையை ஆட்டினால் போதும். அவனால் முடியவில்லை.

"நல்லாவே கேட்டுச்சும்மா. மரம் செத்துப்போச்சுன்னா பட்டறைக்காரன் ஜெயிச்சுடுவானேன்னுதான் சொல்லல."

பெஞ்சில் இருந்த எவர்சில்வர் கூஜாவை எடுத்து அவன் முகத்திலேயே அடித்தாள். மூக்கு உடைந்தது. மறுபடியும் அடித்தாள். அவன் கையைத் தூக்கவில்லை. நர்சுகள் அவளைப் பிடித்து இழுத்தார்கள்.

"விடுங்க," என்று திமிறினாள். "ஆபரேஷன் முடிஞ்சு அவரு கண்ணு முழிக்கட்டும். நீயே போய் இத அவருகிட்டச் சொல்லு."

அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு ஆபரேஷன் அறை வாசலில் போய் நின்றான்.