இடி நேரத்துக் கூட்டம்

ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணிக்குக் கொழும்பில் பஸ் ஏறினேன். என் மென்பொருள் குழுவில் நான்கு பேர் ஜெர்மனியில், மூன்று பேர் சென்னையில். ஸ்டெல்லா மட்டும் அவிசாவளை நகரத்தில் இருப்பதாக நினைத்திருந்தோம். நேரில் வருகிறேன் என்றதும்தான் தெரணியகலைக்கு மேலே மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு வழி சொன்னாள்.

பிற்பகல் இரண்டரைக்கு எங்கள் தினசரிக் கூட்டம். ஜெர்மனியில் அப்போது காலை பதினொன்று. இரண்டு வாரமாக அந்த நேரம் பார்த்து ஸ்டெல்லா காணாமல் போகிறாள். கேட்டால் சிக்னல் இல்லை என்பாள். வேறு கம்பெனிக்கும் வேலை செய்கிறாள் என்று ஜெர்மனி மேலாளர் சந்தேகப்பட்டார். அவளை வைத்திருப்பதா, அனுப்புவதா என்று இன்றைய கூட்டத்தில் முடிவு. அவள் பக்கத்தில் உட்கார்ந்தே அவளுக்காகப் பேசலாம் என்று கிளம்பிவிட்டேன். பெரிய மனுஷத்தனம்!

தெரணியகலையிலிருந்து ஏழு கிலோமீட்டர் ஏற்றம். ஆட்டோவுக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். டிரைவர் வானத்தைப் பார்த்து, சீக்கிரம் கீழே இறங்கிவிடுங்கள் என்று சிங்களத்தில் சொன்னார்.

தோட்டத் தொழிலாளர்களின் லயத்தில் ஒரே கூரைக்குக் கீழே பத்துக் காம்பரா, ஒவ்வோர் அறையிலும் ஒரு குடும்பம். மாதா படத்துக்குக் கீழே, ஸ்டெல்லாவுக்குக் கம்பெனி கொடுத்த மடிக்கணினி. அவளுடைய அம்மா பாலில்லாத பிளேன்டீ கொடுத்தார். இரண்டேகாலுக்கு முதல் இடி. அம்மா உடனே எழுந்து மெயின் சுவிட்சை அணைத்தார். வரிசையாக மற்றக் காம்பராக்களும் இருண்டன. அம்மா என் பக்கம் திரும்பினார்.

“ஒங்க போனையும் ஆஃப் பண்ணிருங்க சேர். போன வருஷம் கோடிக் காம்பராவுல ஒரு புள்ள கருகிப் போச்சு. அதுலருந்து இடி விழுந்தா யாரும் எதையும் போடுறதில்ல.”

அணைத்துவிட்டேன். மரியாதைக்காக அல்ல, பயத்தில்.

இதை ஏன் சொல்லவில்லை என்று ஸ்டெல்லாவைக் கேட்டேன்.

“லயத்துல இருக்கேன்னு சொன்னா வேலை குடுத்திருப்பாங்களா சேர்?”

நேர்முகத் தேர்வில் அவளிடம் கேள்வி கேட்டவர்களில் நானும் ஒருவன்.

நான்கு மணிக்கு மழை விட்டது. போனைப் போட்டால், கூட்டத்துக்கு நீங்கள் இருவருமே வரவில்லை, ஸ்டெல்லாவின் அலுவலகக் கணக்கு மூடப்பட்டுவிட்டது என்று செய்தி. மேலாளரை அழைத்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, தினமும் இதே நேரத்துக்கு இடிக்குமா என்றார். இந்த மாதம் முழுக்க இடிக்கும் என்றேன். அப்படியானால் நாளையும் வரமாட்டாளே என்றார். கூட்டத்தைத் தள்ளிவைக்கலாம் என்றேன். ஒருவருக்காக எட்டுப் பேரா என்று கேட்டார்.

திரும்பிப் பார்த்தேன். ஸ்டெல்லா மடிக்கணினியை உரப்பையில் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“கையோட கொண்டு போயிருங்க சேர். இப்புடின்னா நனையாது.”

கொழும்பில் இறங்கியபோது அங்கும் இடி. பொதியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தேன். எங்கள் மாடிக் குடியிருப்பில் ஒரு விளக்குகூட அணைந்திருக்கவில்லை.