முந்திரிக்கொத்தும் முன்பல்லும்

குளியலறையில் வழுக்கி விழுந்ததில் என் முன்பல் இரண்டு போயிற்று. முன்கோபம் மட்டும் சேதாரமில்லாமல் இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். தக்கலை பல் டாக்டர், இடைவெளிக்கு இரண்டு பக்கமும் இருந்த பற்களை ராவிச் சிறிதாக்கி, அவற்றின் மேல் தற்காலிகமாக பொய்ப்பல் இரண்டு கோத்த ஒரு பிரிட்ஜை ஒட்டினார். நிரந்தரமானது செய்து வர ஒரு வாரம் ஆகுமாம். “அதுவரைக்கும் கடினமா எதையும் கடிச்சிராதீங்கம்மா, கழண்டு வந்திரும்” என்றார். பெரிதாகத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அந்த வாரத்தில்தான் மகளுக்குப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளையின் அம்மாவும் அப்பாவும் குலசேகரத்திலிருந்து கல்யாணத் தேதி பேச வந்தார்கள்.

மாப்பிள்ளைக்கு துபாயில் வேலை. வருகிற ஆவணியில் லீவு. அப்போதே கல்யாணத்தை முடித்துப் பெண்ணைக் கையோடு கூட்டிப்போக வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. மகளுக்கோ எம்.எஸ்ஸி. கடைசி வருஷம், பரீட்சை அடுத்த வைகாசியில்தான். பையனை அவளுக்குப் பிடித்திருந்தது, படிப்பைப் பாதியில் விடத்தான் மனசில்லை. “அப்பா வாயத் திறக்கமாட்டாவ. நீதான் சொல்லணும் பாத்துக்கோம்மா” என்று காலையிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் இருக்கேன்லாட்டி, சும்மா கெட” என்று அதட்டினேன்.

பலகாரத்துக்கு முந்திரிக்கொத்து செய்திருந்தேன். வறுத்த சிறுபயற்றுப் பொடியில் பாகு ஊற்றி, உருட்டி, மாவில் முக்கிப் பொரிப்பது. பாழாய்ப்போன பாகு முற்றிவிட்டது. உருண்டை ஒவ்வொன்றும் கல். வேறு செய்ய நேரமில்லை.

“எடுங்க மைனி. செஞ்ச கையே தொடலன்னா எப்பிடி?” என்று தட்டை என் பக்கம் நீட்டினாள் மாப்பிள்ளையின் அம்மா. எங்கள் பக்கத்தில் பெண்ணின் அம்மா தன் பலகாரத்தைத் தானே ஒதுக்கினால் ஊர்வரைக்கும் ஒரு கதை போய்ச் சேரும். எடுத்தேன். பக்கப் பல்லால் கடிக்கவாவது புத்தி வேண்டாமா? நேரே முன்பல்லில் வைத்துக் கடித்தேன்.

பொட்டென்று ஒரு சத்தம். எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். பிரிட்ஜ் கழன்று நாக்கில் கிடந்தது. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டேன்.

“அப்போ ஆவணியிலயே வச்சிருவோம். படிப்பெல்லாம் போற எடத்துல படிச்சுக்கிடலாம். என்ன மைனி?” என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

வீட்டுக்காரர் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தார். எனக்கு வாயெல்லாம் உமிழ்நீர் ஊறியது. விழுங்கினால் அந்தச் சனியனும் தொண்டைக்குள் போய்விடுமோ என்று பயம். திறந்தால் பொக்கை வாய். பல் போனதிலிருந்து பக்கத்து வீட்டுக்காரியிடம்கூட வாயைப் பொத்திக்கொண்டே பேசியவள் நான். சம்பந்தி முன்னால் எப்படித் திறப்பேன்?

“மைனி ஒண்ணும் சொல்லல. அப்போ சம்மதம்தான்” என்று அவள் வெற்றிலைத் தட்டை வீட்டுக்காரரிடம் நீட்டினாள். வாங்கிவிட்டால் பேச்சு முடிந்தது. அவரும் கையை நீட்டினார். அடப்பாவி மனுஷா!

அடுக்களை வாசலில் மகள் நின்றிருந்தாள். அப்பாவை அவள் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

எல்லாரும் பார்க்க, பிரிட்ஜை உள்ளங்கையில் துப்பினேன்.

“இல்ல மைனி” என்றேன். பாதி காற்றாகப் போயிற்று. மறுபடியும், சத்தமாகவே சொன்னேன். “இல்ல. அவ பரீட்ச எழுதாம கல்யாணம் கெடையாது. அடுத்த வைகாசி தாண்டட்டும். பொறவு எப்ப வேணும்னாலும் வச்சுக்கிடலாம்.”

“அய்யோ, இதென்ன மைனி, பல்லு!”

“அது கெடக்கட்டும். நீங்க பதிலச் சொல்லுங்க.”

அவள் என் வாயையும் கையையும் மாறிமாறிப் பார்த்தாள். வெற்றிலைத் தட்டைத் தன் பக்கமே இழுத்துக்கொண்டாள். போயிற்று, சம்பந்தம் முறிந்தது என்றே நினைத்தேன். வீட்டுக்காரருக்கு வேர்த்துக் கொட்டியது. ஆனாலும் சொன்னதைத் திருப்பி எடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவள் தன் கணவரிடம் குனிந்து ஏதோ கேட்டாள். அவர் மெல்லத் தலையசைத்தார்.

“செரி. பய லீவ மாத்திக் கேக்கட்டும்” என்றாள்.

மகள் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அம்மா, பல்ல இங்க குடு” என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “கழுவித் தாறேன்.”